ஊரைக் கூட்டிப் பேச ஒரு ஆளா என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். நிலத்தைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லும் தொண்டு நிறுவனங்கள் வக்கீலுக்கும் சர்வேயருக்கும் சம்பளம் கொடுத்தால் புரிகிறது, ஊரைக் கூட்டிப் பேசுவதற்கென்றே ஒரு ஆளை வைத்து அவருக்கும் மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்களே, இது நன்கொடை கொடுத்தவர்கள் பணத்தை வீணடிப்பது ஆகாதா என்று கேட்டிருந்தார். அந்த ஆள் நான்தான். அவர் மனதில் வைத்த அதே ஆளாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதே வேலை, ஒன்பது வருடமாக. அன்றைக்கே கோபத்தில் ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன், இது ஆறிய பிறகு எழுதுவது. யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். என் வீட்டிலேயே யாராவது விசாரித்தால் "ஏதோ நிலம் சம்பந்தமா வேலை" என்பதற்கு மேல் பதில் போவதில்லை.

இந்த மாதிரி அமைப்புகளே ஒரு பத்திரிகைக் கடிதத்திலிருந்து தொடங்கியவை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. 1890-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ் எலியட் என்ற இளைஞர், பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் வடிவமைப்பது அவர் தொழில், ஒரு தோட்டக்கலை இதழுக்குக் கடிதம் எழுதினார். பாஸ்டன் நகரம் பெருத்துக்கொண்டே போகிறது, பக்கத்தில் உள்ள பழைய ஓக் மரங்கள் நிற்கும் இடம் போய்விடும் போலிருக்கிறது, நூலகம் புத்தகங்களை வைத்துக் காப்பது போல, கலைக்கூடம் ஓவியங்களை வைத்துக் காப்பது போல, நிலத்தைப் பொதுமக்களுக்காக வைத்துக் காக்க ஒரு அமைப்பு வேண்டும் என்று. அடுத்த வருடமே அப்படி ஒன்று சட்டப்படி உருவானது, இன்றும் இயங்குகிறது. 1895-இல் இங்கிலாந்தில் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற மூவர் நேஷனல் டிரஸ்டை ஆரம்பித்தார்கள். அதற்கு முதலில் வந்த சொத்து வேல்ஸில் ஒரு மலைச்சரிவு, ஃபேனி டால்பட் என்ற அம்மையார் தானமாகக் கொடுத்தது, சுமார் 5 ஏக்கர். இன்றைக்கு அந்த அமைப்பிடம் இருப்பதை நினைத்தால் அந்த 5 ஏக்கர் சிரிப்பாக இருக்கும்.

சரி, இந்த அமைப்புகள் என்னதான் செய்கின்றன? சில சமயம் நிலத்தை விலைக்கு வாங்கும், சில சமயம் தானமாக வாங்கும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, சில நாடுகளில் சட்டம் அதற்கு நன்றாக இடம் கொடுக்கிறது: நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், நீங்கள் உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அதைத் துண்டு போட்டு மனையாக்கும் உரிமையை, கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுக்கிறீர்கள். நிலம் என்பது ஒரு விறகுக் கட்டு மாதிரி, ஒவ்வொரு உரிமையும் ஒரு குச்சி, அதிலிருந்து ஒன்றிரண்டை உருவிக் கொடுப்பது. கையெழுத்தாகும் நாளில் நிலம் எந்த நிலையில் இருக்கிறது என்று படம் எடுத்து, வரைபடம் போட்டு வைத்துக்கொள்வோம். பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது போய் நடந்து பார்த்து, மீறல் ஏதும் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல் இருக்கும், "நிரந்தரமாக". உங்களுக்குப் பிறகு வாங்குகிறவர், அவருக்குப் பிறகு வாங்குகிறவர், எல்லோரையும் அது கட்டுப்படுத்தும்.

வக்கீலுக்கு அந்தச் சொல்லை எழுத ஒரு நிமிடம் போதும். அதை ஒரு மனிதர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார் பாருங்கள், அங்கேதான் என் வேலை ஆரம்பிக்கிறது.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவர் நிலம் ஒரு ஓடையை ஒட்டி இருந்தது, அவருக்கு அடுத்த துண்டுகள் எல்லாம் ஏற்கெனவே கைமாறிவிட்டன. நான் அவரிடம் பதினொரு தடவை போயிருக்கிறேன், என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. முதல் தடவை வாசலைத் திறக்கவே இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி "யாரு பேருக்கு எழுதப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். மூன்றாவது தடவை உள்ளே விட்டார். ஐந்தாவது தடவைதான் "வா தம்பி, எல்லையைக் காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். நடை மெதுவாக இருந்தது. வடகிழக்கு மூலையில் புல்லுக்குள் மறைந்து கிடந்த எல்லைக்கல்லைக் காலாலேயே தேடிக் கண்டுபிடித்தார், குனிந்து கையால் மண்ணைத் தள்ளினார், அப்புறம் கல்லின் ஒரு பக்கம் சிதைந்திருப்பதைக் காட்டி, அது அண்ணனும் தானும் சண்டை போட்ட வருடம் கடப்பாரையால் அடித்தது என்றார். அண்ணன் இப்போது இல்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லையாம். அன்றைக்கு ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி அன்றைய அறிக்கையில் என்ன எழுதுவது? "சந்திப்பு ஒன்று. முன்னேற்றம் இல்லை." உண்மையில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்ற கால் மணி நேரத்தில்தான் அந்த நிலத்தை அவர் ஏன் விற்காமல் வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது, யாரிடம் பேசினால் வேலை கெட்டுப்போகும் என்பதும் புரிந்தது (அண்ணன் மகன்).

இதை வக்கீல் செய்ய முடியாதா என்றால், செய்யலாம். அவருடைய மணிக்கணக்குக் கட்டணத்தில் பதினொரு தடவை போகச் சொல்லிப் பாருங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொந்தப் பெருமை பேசுவது மாதிரி ஆகிவிடும். அதே ஓடைக்கரைக்காக முதல் ஊர்க் கூட்டம் போட்டபோது நாற்பது நாற்காலி போட்டிருந்தோம், வந்தது ஏழு பேர். சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தேன், பாதுகாக்க வேண்டிய பகுதி முழுவதும் பச்சை. பார்க்க அழகாக இருந்தது, நானே இரண்டு நாள் உட்கார்ந்து செய்தது. அரை மணி நேரம் நீர்ப்பிடிப்பு, பறவைகள், மண் அரிப்பு என்று பேசி முடித்தேன். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து வந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சைக்குள்ள நான் எங்க இருக்கேன்?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், பச்சைக்கு வெளியே. ஆனால் தினமும் அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதை பச்சைக்கு நடுவில் போகிறது, மழைக்காலத்தில் பிள்ளைகள் சுற்றிப் போகாமல் குறுக்கே போவதும் அதே பாதைதான். எங்கள் வரைபடத்தில் பாதையே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் மரநிழல் மறைத்திருந்தது, சர்வே பதிவிலும் இல்லை, நான் நேரில் நடந்த நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்த ஏழு பேருக்கும் அது எப்படித் தெரிந்திருக்கும்? "இவங்க வேலி போட வந்திருக்காங்க" என்றுதான் தெரியும். கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு நான் வரைபடம் எதுவும் எடுத்துக்கொண்டு போகவில்லை, சாக்பீஸ் டப்பா மட்டும். தரையில் ஓடையை நான் ஒரு கோடாகப் போட்டேன், மற்றதெல்லாம் அவர்கள் போட்டார்கள். ஓடை வளைவதையே நான் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று ஒரு பையன் அழித்து மறுபடி வரைந்தான். அந்தத் தரைப்படத்தில் பதினான்கு பாதைகள் இருந்தன.

மக்களின் சந்தேகத்தைப் பற்றி எங்கள் ஆட்களே சலித்துக்கொள்வதுண்டு, நல்லது செய்யப் போனால் கூட நம்ப மாட்டேன் என்கிறார்களே என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் நடந்ததைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் சந்தேகப்படாமல் இருப்பதுதான் ஆச்சரியம். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று அமெரிக்காவின் யெல்லோஸ்டோனைச் சொல்வார்கள், 1872. அதற்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், அப்புறம் அது மனிதன் காலே படாத இயற்கை என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அந்த மாதிரியை உலகம் பூராவும் எத்தனை இடத்தில் நகலெடுத்தார்கள்! 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் கூடி, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று இலக்கு வைத்தன. அதே வரியில் பழங்குடிகள், உள்ளூர் மக்கள் உரிமையை மதித்து என்றும் இருக்கிறது. 30 என்ற எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது, மீதி வரியை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பேச்சு, படித்தவர்களிடம் அடிக்கடி கேட்பது: பொது நிலம் என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், அதனால் ஒன்று அரசாங்கம் வேலி போட வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குக் கொடுத்துவிட வேண்டும். 1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய எண்ணம் இது. அவர் ஒரு மேய்ச்சல் நிலத்தைக் கற்பனை செய்தார், அங்கே ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைக் கூடுதலாக விட்டுக்கொண்டே போகிறார்கள், கடைசியில் புல்லே இல்லை. ஆனால் அந்தக் கற்பனை ஊரில் யாரும் யாரோடும் பேசுவதே இல்லை, கவனித்தீர்களா? எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் கற்பனையை விட்டுவிட்டு உண்மையான ஊர்களை எடுத்துப் பார்த்தார். சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக் கிராமம், அங்கே 1517-இலேயே எழுதி வைத்த விதி ஒன்று: குளிர்காலத்தில் உன்னால் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு விடலாம். எண்ணுவது சுலபம், ஏமாற்றுவது கஷ்டம். வேலியும் இல்லை, விற்கவும் இல்லை, நூற்றாண்டுகளாக நிலம் நின்றது. இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் 2009-இல் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது, அந்தப் பரிசு வாங்கிய முதல் பெண் அவர். நான் சொல்ல வருவது, அப்படிப்பட்ட விதியை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொடுக்க முடியாது, உட்கார்ந்து சண்டை போட்டுத்தான் வரும். உட்கார வைப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலான ஊரில் அந்த ஆள் உள்ளேயே இருப்பார், அவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் முதல் மாதத்து வேலை. பெரும்பாலும் பதவியில் இருப்பவராக இருக்க மாட்டார்.

கொடுத்ததோடு முடிந்தது என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1951 ஏப்ரலில் இன்றைய தெலங்கானாவில் உள்ள போச்சம்பள்ளியில் வினோபா பாவே நிலமில்லாதவர்களுக்காக நிலம் கேட்டார், நிலக்காரர் ஒருவர் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார், பூதான இயக்கம் பிறந்தது. நடந்தே நாட்டைச் சுற்றி 40 லட்சம் ஏக்கருக்கு மேல் வாக்குறுதி வாங்கினார் அந்த மனிதர், உலகத்தில் வேறு யாரும் செய்ததில்லை, நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதில் கணிசமான நிலம் கடைசிவரை யாருக்கும் போய்ச் சேரவே இல்லை. சிலது பாறை, சிலது வழக்கில் கிடந்தது, சிலதைக் கொடுத்தவர் வாரிசுகளே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வாங்குவதற்கு ஒரு மகான் இருந்தார். வாங்கிய பிறகு ஒவ்வொரு துண்டின் பின்னாலும் வருடக்கணக்கில் அலைவதற்குப் போதுமான ஆட்கள் இல்லை.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். வாசகர் நினைப்பது போல எங்கள் மாதிரி ஆட்கள் மீது பணம் அதிகமாகச் செலவாவது கிடையாது, நேர்மாறாகத்தான் நடக்கிறது. நிதி மூன்று வருடத் திட்டமாக வரும். முதல் வருடம் ஊர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டாவது வருடம் பேச ஆரம்பிக்கும், மூன்றாவது வருடம் ஏதாவது உருப்படியாக நடக்கத் தொடங்கும்போது திட்டம் முடிந்துவிடும். ஆண்டறிக்கைப் படிவத்தில் எத்தனை ஹெக்டேர் என்று ஒரு கட்டம், எத்தனை கூட்டம் என்று ஒரு கட்டம், கலந்துகொண்டவர் எண்ணிக்கை ஆண் பெண் தனித்தனியாக ஒரு கட்டம். எதிர்த்துக்கொண்டிருந்த ஒருவர் எதிர்ப்பதை நிறுத்தி, கூட்டத்துக்கு வராமல், ஆனால் மகளை அனுப்பினார் என்றால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நானே ஒரு தடவை விளிம்பில் சின்ன எழுத்தில் எழுதிப் பார்த்தேன். தட்டச்சு ஆகி வந்த பிரதியில் அது இல்லை.

ஓடைக்கரை ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்தாவது மாதம் என்னை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குப் பதிலாக யாரும் போடப்படவில்லை, "அங்கே வேலை முடிந்துவிட்டது" என்பது மேலே இருந்தவர்கள் கணக்கு. நோட்டை ஒப்படைத்தேன், யாராவது பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். இரண்டு வருடம் கழித்து ஒரு காலை என் கைப்பேசிக்கு ஒரு அழைப்பு, அந்த ஆட்டுக்கார அம்மா. ராத்திரியில் யாரோ லாரியில் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து ஓடை வளைவில் கொட்டியிருக்கிறார்கள், இரண்டு லோடு, மூன்றாவது வரும்போது அவரும் பக்கத்து வீட்டுப் பையன்களும் பாதையை மறித்து நின்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "ஆபீஸ் நம்பர் அடிச்சேன், யாரும் எடுக்கல. அதான் உனக்கு" என்றார். ஒப்பந்தப்படி எங்கள் ஆள் வருடாந்தரப் பார்வைக்குப் போக இன்னும் நான்கு மாதம் இருந்தது. நான்கு மாதத்தில் அந்த வளைவு மூடியிருக்கும், வண்டி போக வழி ஆகியிருக்கும், அப்புறம் வழக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவர் அந்த இடத்தைத் தினம் இரண்டு தடவை பார்க்கிறவர், தன் பாதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர். அது மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் லாரியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார், நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

எங்கள் தொழிலில் போலிகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. முடிவு எல்லாம் மேலே எடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் கூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்தவர்கள் போட்ட கையெழுத்தே பிறகு சம்மதமாக மாறி எங்கேயாவது ஒரு அறிக்கையில் உட்கார்ந்திருக்கும். அந்த மாதிரி ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது வீண்தான், வாசகர் சொன்னதை அங்கே அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் ஒரு வழி சொல்கிறேன்: "ஊர் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பெரியவர் கடைசியில் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்பீர்கள். ஓடையை ஒட்டிய பாதிக்குப் போட்டார். மேட்டுப் பாதிக்கு மாட்டேன் என்றுவிட்டார், அது அண்ணன் மகனுக்கு என்றார், நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அலுவலகத்தில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர்களைக் கையெழுத்து நாளுக்கு அனுப்புகிறீர்கள், பொன்னாடையோடு படம் வருகிறது, சந்தோஷம். கூடவே ஐந்து வருடம் கழித்து அதே இடத்துக்கு ஒரு தடவை அனுப்புங்கள். பலகை நிற்கிறதா என்று பார்க்க வேண்டாம், பலகை நிற்கும். அங்கே போகிற வருகிற யாரிடமாவது இந்த நிலத்தில் எது கூடாது, எது கூடும், மீறினால் யாருக்குப் போன் செய்வீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே போடுங்கள். எங்கள் நிறுவனம் உட்பட நிறையப் பேருக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

ஓடைக்கரையின் வருடாந்தர நடை அடுத்த மாதம். இப்போது அது என் பகுதி இல்லை, அதனால் ஒரு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா வடகிழக்கு மூலைக் கல்லைச் சுற்றிப் புல்லை வெட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், போன தடவை தேடியே ஒரு மணி நேரம் போய்விட்டதாம்.

இப்படிக்கு,
ஊரைக் கூட்டிப் பேசுகிற ஒரு களப்பணியாளர்